அதே பெட்டி, வேறு சிப்பு

காசில்லாமல் கிடைக்கும் சிஸ்டத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவது என் தொழில். அது வேலை செய்யும்போது யாருக்கும் என் ஞாபகம் வராது, வேலை செய்யாதபோது வேறு யார் ஞாபகமும் வராது.

விருத்தாசலம் பாலக்கரையில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் எங்கள் சர்வீஸ் கடை. கூட்டாளி குமரேசன் விண்டோஸ் பார்க்கிறார், நான் காசில்லாத லினக்ஸ் பார்க்கிறேன். அவர் மேசைக்கு எதிரே நாற்காலி காலியாகவே இருக்காது. என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தவர் எழுந்து போகவே மாட்டார். காரணம் டிரைவர். பிரிண்டரோ கேமராவோ கேபிளோ, எதைச் செருகினாலும் அதோடு பேச ஒரு சின்ன ப்ரோகிராம் வேண்டும், அதற்குத்தான் அந்தப் பெயர். சாமானைச் செய்கிற கம்பெனி விண்டோஸுக்கு அதை எழுதி, டப்பாவிலேயே சிடியாகப் போட்டுக் கொடுத்துவிடும். லினக்ஸுக்கு எழுதாது. எப்படி எழுதுவது என்றும் சொல்லாது. எந்த நாட்டிலோ ஒரு புண்ணியவான் தன் சொந்த நேரத்தில் அந்தச் சாமானைக் குடைந்து பார்த்து எழுதினால் உண்டு. பெரிய கம்பெனிகள் சில இப்போது திருந்திவிட்டன என்கிறார்கள். எங்கள் ஊர்க் கடைகளுக்கு வருகிற சாமான் அவர்களுடையது இல்லை.

பிரிண்டர் முன்னால் கைகட்டி நின்றவர்களே, 'சாதனம் கிடைக்கவில்லை' என்ற வரியைப் பார்த்துப் பார்த்துப் பசி மறந்தவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். உண்மையில் லூர்துமேரி அக்காவின் சூளையைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். என்னால் அக்கா கையை விட்டுப் போன ஒரு ஆர்டரின் கதை அது. ஒரே மூச்சில் சொல்ல மனசு வரவில்லை, அதனால் நடுநடுவே வேறு சிலதும் வரும்.

சூளைக்கு ஒரு சாட்சி

லூர்துமேரி அக்கா செராமிக் பேட்டையில் ஃப்யூஸ் கேரியர் செய்கிறவர். வீட்டு மீட்டர் பெட்டியில் வெள்ளையாகக் கையில் பிடித்து இழுப்போமே, அதுதான். மண்ணை அச்சில் அழுத்தும் பிரஸ்ஸில் எட்டுப் பெண்கள், சூளையில் தனபால் அண்ணன் என்று ஒரு ஆள். ஆர்டர் தருவது சென்னையில் ஒரு கம்பெனி. இரும்பு அச்சுகள்கூட அவர்களுடையவைதான். அவர்கள் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. ஒவ்வொரு சூடு போடும்போதும் எந்த நேரத்தில் எத்தனை டிகிரி என்று கம்ப்யூட்டரே பதிந்த சார்ட் சரக்கோடு வர வேண்டும். சார்ட் இல்லையென்றால் சரக்கு இறங்காது.

அக்காவிடம் இருந்தது பழைய கம்ப்யூட்டர். இரண்டு தடவை வைரஸ் வந்து சார்ட்டுகளைத் தின்றுவிட்டது. புது விண்டோஸைச் சுமக்க அதற்குத் தெம்பு இல்லை. நான் போய் லினக்ஸ் போட்டேன். சூளையின் சூடு காட்டும் மீட்டரிலிருந்து ஒரு கேபிள் வழியாக எண்களைப் படித்துக் கோடு போடும் ப்ரோகிராமும் நானே எழுதிக் கொடுத்தேன். ஒரு வருடம் ஒரு சார்ட்கூடத் தப்பவில்லை. அந்த வருடம் பேட்டைப் பக்கம் நான் நிமிர்ந்து நடந்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அக்கா எல்லோரிடமும் என்னைக் காட்டிச் சொல்வார்: "எங்க வூட்டுல எல்லாருக்கும் வாயி இருக்குது. வாயத் தொறக்காம வேல பாக்கறது தேனு போட்ட சிஸ்டம் ஒண்ணுதான்."

சாவி உள்ளே

திட்டக்குடி பக்கம் இருக்கும் மங்களூரிலிருந்து ஒரு உரக்கடைக்காரர் வந்தார். மாடிப்படி ஏறி வந்து என்னைப் பார்த்ததும் எல்லோரும் கேட்பதையே கேட்டார், "ரிப்பேர் பாக்கற சாரு இல்லீங்களா?" அந்தச் சார் நான்தான் என்றேன். நம்பிக்கை இல்லாமல் லேப்டாப்பை நீட்டினார். அவர் பெண் காலேஜ் முடிக்கும் முன் அதில் லினக்ஸ் போட்டுவிட்டுக் கல்யாணமாகிப் போய்விட்டாளாம். வைஃபை வரவில்லை.

அந்த வைஃபை சிப்புக்கு டிரைவர் இருக்கிறது, ஆனால் சிஸ்டத்தோடு வராது. கம்பெனி அதைக் கூடவே வைத்துக் கொடுக்க அனுமதிப்பதில்லை. இணையத்திலிருந்து தனியாக இறக்க வேண்டும். இணையத்துக்குப் போகத்தான் அந்த டிரைவரே. என் போனைக் கேபிளில் கட்டி, அதன் வழியாக இறக்கி, ஒரு மணி நேரத்தில் சரி செய்தேன். அவர் அத்தனையையும் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார். வேலை முடிந்ததும் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்: "சாவிய உள்ள வெச்சிக் கதவப் பூட்டிட்டு, பூட்டு ஓசின்னு குடுக்கறாங்கன்னு சொல்லுங்க."

திட்டக்குடி விரல்

திட்டக்குடி பஸ் நிலையம் பக்கத்தில் ஒருவர் சேவை மையம் வைத்திருந்தார். பெயர் வேண்டாம், நல்ல மனிதர். திருட்டு சாஃப்ட்வேர் போட மாட்டேன், எல்லாம் முறைப்படி இருக்க வேண்டும் என்று என்னைத் தேடி வந்தவர். அப்படி ஒருவரைப் பார்க்க எனக்கு மூன்று வருடம் ஆகியிருந்தது. ஆசையாக எல்லாம் போட்டுக் கொடுத்தேன். பிரிண்டர் ஓடியது, ஸ்கேனர் ஓடியது. விரல் ரேகை வைக்கிற பெட்டி மட்டும் ஓடவில்லை. வரிசையில் நிற்கிறவர்கள் ஒவ்வொருவராக விரலை வைத்துப் பார்த்து, கையைப் புடவையில் துடைத்து மறுபடி வைத்தார்கள். தப்பு தங்கள் விரலில் என்று நினைத்துக்கொண்டார்கள். அதைப் பார்க்க எனக்குக் கூசியது.

பெட்டியைச் செய்த கம்பெனிக்குப் போன் போட்டேன். லினக்ஸுக்கு டிரைவர் உண்டா என்று கேட்டேன். அந்தப் பக்கம் இருந்த பெண் என்னைக் காத்திருக்கச் சொல்லி, யாரையோ விசாரித்துவிட்டு வந்து, "மேடம், அந்தக் கம்பெனி லேப்டாப்பு எங்க லிஸ்ட்லயே இல்லீங்க" என்றாள். அன்று மதியமே நான் போட்டதை நானே அழித்தேன். குமரேசன் வந்து விண்டோஸ் போட்டார். கடைக்காரர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார், கோபமே படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "நல்ல சாமிதாங்க. எங்களுக்கு வரம் குடுக்கற சாமி இல்ல, அவ்ளோதான்."

ஆயுத பூஜை

சென்னைக் கம்பெனியின் பரிசோதகர் மாதம் ஒருமுறை வீடியோவில் சூளையைப் பார்ப்பார். ஒரு நாள் லூர்துமேரி அக்கா போன் செய்தார், கேமராவில் எதுவும் தெரியவில்லை, ஒரே மஞ்சள் இருட்டு என்று. அந்த வாரம்தான் சிஸ்டத்தைப் புதுப்பித்திருந்தேன். டிரைவர் போய்விட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். கடையிலிருந்தே இரண்டு நாள் படித்தேன், இணையம் வழியாக அக்கா கம்ப்யூட்டரைப் பழைய பதிப்புக்குத் திருப்பினேன், உலகத்தில் யார் யாருக்கு அந்தக் கேமரா தகராறு செய்தது என்று தேடினேன். ஏழெட்டுப் பேர் அழுதிருந்தார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் எழுதினேன்.

மூன்றாம் நாள் நேரில் போனேன். அக்கா கிறிஸ்தவர் என்றாலும் சூளையில் ஆயுத பூஜை தனபால் அண்ணன் பொறுப்பு. பிரஸ், சூளைக் கதவு, தராசு, கம்ப்யூட்டர், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார். கேமராவுக்கும் வைத்திருந்தார், கண்ணாடி மேலேயே. நகத்தால் சுரண்டினேன், படம் வந்தது. டிரைவர் மேல் பழி போட்டுப் போட்டு, முன்னால் இருப்பதைப் பார்க்கிற பழக்கமே எனக்குப் போயிருந்தது. தனபால் அண்ணன் சிரிக்கவில்லை. "ரெண்டு நாளா உள்ளயே தேடியிருக்கீங்க. ஒரு தடவ மொகத்தப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்," என்றார்.

போனில் சொன்ன ஒரு வார்த்தை

இனி வருவதை நான் குமரேசனையும் அக்காவையும் தவிர யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

சூளை மீட்டரையும் கம்ப்யூட்டரையும் இணைத்திருந்த அந்தக் கேபிளை எலி கடித்துவிட்டது. அக்கா போன் செய்தார். மறுநாள் காலை சூடு போட வேண்டும், சரக்கு அடுக்கியாகிவிட்டது. நான் கம்மாபுரத்தில் ஒரு ஸ்கூலில் பிரிண்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அக்கா கடைவீதியில் கேபிளைக் கையில் வைத்துக்கொண்டு டப்பாவில் எழுதியிருந்ததை எழுத்து எழுத்தாகப் படித்தார். அதே பெயர், அதே மாடல் எண், அதே நீல நிறம். "அதே பேரு போட்டிருந்தா போதுங்க்கா, வாங்கிடுங்க, செருகினா ஓடும்" என்றேன். வந்து ஒரு தடவை பார்த்துவிடட்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

பெயரை மாற்றாமல், எண்ணை மாற்றாமல், டப்பாவை மாற்றாமல், உள்ளே இருக்கும் சிப்பை மட்டும் மாற்றிவிடுவார்கள், விலை மலிவாகக் கிடைத்தது என்பதற்காக. விண்டோஸ்காரர்களுக்குப் பிரச்சினை இல்லை, டப்பாவில் புது சிடி இருக்கும். லினக்ஸுக்கு அந்தச் சிப்பை யாரும் இன்னும் பார்த்தே இருக்கமாட்டார்கள். இது எனக்குத் தெரியும். தொழிலில் முதல் வருடமே தெரிந்துகொண்டது. தெரிந்தும் சொன்னேன்.

பின்னால் ஒரு நாள் இதை விளக்கிச் சொன்னபோது அக்கா நான் பேசி முடிக்கும்வரை கேட்டார். பேட்டையில் ஒரு வழக்கம் உண்டு. புது லோடு களிமண் வந்தால் ஒரு சின்ன வில்லை தட்டிச் சுட்டுப் பார்ப்பார்கள். சுருக்கம் சரியா, நிறம் சரியா என்று பார்த்த பிறகுதான் அந்த மண் பிரஸ்ஸுக்குப் போகும். பிரஸ்ஸில் நேற்றுச் சேர்ந்த பெண்ணுக்குக்கூடத் தெரிந்த விஷயம் அது. அக்கா கோபத்தில் சொல்லவில்லை, அதிசயப்பட்டுத்தான் சொன்னார்: "இருவது வருசமா அதே குழி மண்ணுதான் வருது. வில்ல சுடாம நாங்க ஒரு லோடுகூட ஏத்தினது இல்லியே, தேனு."

தீ வைத்த பிறகு

காலை ஏழு மணிக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது, திரையில் கோடு வரவில்லை என்று. போவதற்குள் சூளைக்குத் தீ வைத்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. வைத்த தீயை நிறுத்த முடியாது. பாதியில் ஆறினால் உள்ளே இருப்பது அத்தனையும் விரிசல் விடும். சூடு ஏறிக்கொண்டே இருந்தது, அதற்கு என் கேபிளைப் பற்றிக் கவலை இல்லை.

சிஸ்டத்துக்குக் கேபிளை யாரென்றே தெரியவில்லை. அதன் அடையாள எண்ணைக் கையால் பழைய டிரைவரில் சேர்த்தேன். உயிர் வந்தது. எண்கள் வர வேண்டிய இடத்தில் கேள்விக்குறிகளும் கட்டங்களும் வந்தன. குமரேசன் தன் விண்டோஸ் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்தார். டப்பா சிடியைப் போட்டதும் ஒரு நிமிடத்தில் அது கேபிளை அடையாளம் கண்டுகொண்டது. ஆனால் மீட்டரைப் படித்துக் கோடு போடுகிற ப்ரோகிராம் அதில் இல்லை. அது லினக்ஸுக்கு மட்டும் நான் எழுதியது. அப்போது அவ்வளவு பெருமையாக எழுதியது.

வேறு வழி இல்லாமல் ஒரு நோட்டை எடுத்தோம். தனபால் அண்ணன் மீட்டரைப் பார்த்துக் கால் மணிக்கு ஒருமுறை எண்ணைச் சொன்னார், நான் எழுதினேன். முந்நூறு, ஐந்நூறு, எண்ணூறு. சூடு ஆயிரத்து இருநூற்றைத் தாண்டி சூளையை அணைக்கும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை. மூன்றாம் நாள் கதவைத் திறந்தபோது சரக்கு அருமையாக வந்திருந்தது. ஒன்றோடு ஒன்று தட்டினால் வெண்கலம் போல் சத்தம். அக்கா ஒன்றை எடுத்து என் காதருகே தட்டிக் காட்டினார். எனக்குக்கூட நம்பிக்கை வந்தது. சென்னையிலிருந்து பரிசோதகர் வீடியோவில் வந்தார். நோட்டைக் கேமராவில் பக்கம் பக்கமாகக் காட்டினோம். மரியாதையாகத்தான் பார்த்தார், பிறகு சொன்னார்: "கை எழுதினத நான் நம்பறேங்க. எங்க ஆபீஸ்ல கைய ஃபைல் பண்ண முடியாது."

இறங்காத சரக்கு

ஆனது ஆகட்டும் என்று லாரியில் அனுப்பிய சரக்கு அப்படியே திரும்பியது. அடுத்த வாரம் வேறொரு வண்டி வந்தது, சரக்கு எடுக்க இல்லை. இரும்பு அச்சுகளை எடுத்துப் போக. ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விட்டது. அச்சுகளை இறக்கி ஏற்றியவர்கள் பிரஸ்ஸில் நின்ற அதே எட்டுப் பெண்கள்தான், வேறு ஆள் இல்லை. ஒவ்வொன்றையும் துடைத்து எண்ணெய் தடவிக் கொடுத்தார்கள். துருப்பிடிக்கக் கூடாதாம்.

அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். வண்டிக்காரர் நீட்டிய ரசீதில் கையெழுத்துப் போடப் போய்விட்டார். பிரஸ்ஸில் மூத்தவரான பச்சையம்மா அக்கா அச்சுகளை ஏற்றி முடித்துக் கையைக் கழுவிக்கொண்டே என்னிடம் கேட்டார், குத்திக் காட்ட இல்லை, தெரிந்துகொள்ளத்தான்: "ஏம்மா, அந்த ஒயரு என்னா வெல இருக்கும்?"

ஞாயிற்றுக்கிழமை மனிதர்

சிப்பை மாற்றியவர்கள் மேல் வந்த கோபத்தில் உட்கார்ந்து, இந்த டிரைவர்களை எழுதுகிறவர்கள் எல்லோரும் பார்க்கிற மின்னஞ்சல் குழுவுக்கு எழுதினேன். முதல் பதில் ஒரே வரி: சரியான சிப்பு உள்ள கேபிளை வாங்கு. வாங்கினேன். மூன்று கடைகளில் மூன்று பெயர்களில் வாங்கினேன், மூன்றிலும் அதே புதுச் சிப்பு.

இரண்டாவது பதில் பனி கொட்டுகிற ஏதோ ஒரு ஊரிலிருந்து வந்தது. வேறு வேலை பார்க்கிறவர். ஞாயிறுகளில் மட்டும் இதைப் பார்ப்பாராம். அவரிடம் அந்தக் கேபிளே இல்லை. நான் இங்கே செருகி, வந்த குப்பையை அப்படியே அனுப்புவேன். அவர் யோசித்து நாலு வரி மாற்றி அனுப்புவார். நான் மறுபடி செருகுவேன். பல ஞாயிறுகள் இப்படிப் போயின. ஒரு ஞாயிறு அவர் எழுதவில்லை. பையனுக்குக் காய்ச்சலாம். அதற்கும் நான் எரிச்சல்பட்டேன். கடையில் வாய்விட்டே திட்டிக்கொண்டிருந்தேன். குமரேசன் தன் மேசையிலிருந்து நிமிராமல் சொன்னார்: "சம்பளம் வாங்காதவன் ஞாயித்துக்கெழம ஒக்காந்து செய்யறான். சம்பளம் வாங்கறவன் சிப்ப மாத்திட்டு வூட்டுக்குப் போயிட்டான். நீ யாரத் திட்டற?"

முப்பத்திரண்டு டிகிரி

டிரைவர் சரியாகிவிட்டது. லினக்ஸின் அடுத்த பதிப்பிலேயே சேர்ந்தும் விட்டது. இனி யாரும் எதையும் இறக்க வேண்டாம், கேபிளைச் செருகினால் போதும். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று தெரிந்தும் பேட்டைக்குப் போனேன். அக்கா இப்போது கார்த்திகைக்கு முன் அகல் விளக்கு செய்கிறார், மற்ற மாதங்களில் சூளை சும்மா கிடக்கிறது. எட்டுப் பேரில் ஆறு பேர் முந்திரி உடைக்கப் போகிறார்கள். தனபால் அண்ணன் மகன் வீட்டோடு போய்விட்டார்.

கேபிள் காலண்டர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. தூசியைத் தட்டிச் செருகினேன். திரையில் கோடு வந்தது, முப்பத்திரண்டு டிகிரி. சரியான எண்தான். அன்றைய வெயிலின் சூடு அது. பிறகு அக்காவுக்கு, டிரைவரில் செய்த அந்த மாற்றத்தோடு சேர்ந்திருக்கும் குறிப்பைக் காட்டினேன். எழுதியவர் பெயர், கீழே 'சோதித்தவர்' என்று என் பெயர். அழியாமல் இருக்கும் என்று சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை, ஏதாவது ஒன்று நல்லதாகச் சொல்ல வேண்டும் போல் இருந்தது. அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்து, தெரியாத இங்கிலீஷை எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார். "ஒம் பேரு இருக்குது, சரி. எங்க சூள பேரு எந்த வரியில இருக்குது, தேனு?"

உலகத்தின் எந்த மூலையில் செருகினாலும் அந்தக் கேபிள் இன்று வேலை செய்கிறது, வேலை இல்லாமல் ஆணியில் தொங்குவது நான் போனில் வாங்கச் சொன்ன அந்த ஒன்று மட்டும்தான்.